வாள் சொன்ன பதில்

குற்றம் செய்தவனின் சதையைத் தின்னச் சம்மதமா, அவன் ரத்தத்தைக் குடிப்பாயா என்று ஓர் இளைஞன் தன் வாளிடம் கேட்கிறான். அவன் யாரைச் சொல்கிறான் என்பது வாளுக்கு உடனே புரிந்துவிடுகிறது. ஒரு பாவமும் அறியாதவர்களின் ரத்தத்தையே குடித்திருக்கிறேன், குற்றவாளியுடையதை ஏன் வேண்டாம் என்று சொல்லப்போகிறேன் என்கிறது அது. அவன் வாளின் பிடியை மண்ணில் ஊன்றி, முனையை நெஞ்சுக்கு நேராக நிறுத்தி, அதன்மேல் விழுகிறான்.

பின்லாந்தின் தேசிய காவியமான கலேவலாவில், 36ஆம் பாட்டில் வருகிற காட்சி இது. அந்த இளைஞன் பெயர் குல்லெர்வோ. நாட்டார் கதைகளிலிருந்தும் புராணங்களிலிருந்தும் கிளம்பி வந்த ஃபேன்டசி நாவல்களை விரும்பிப் படிக்கிறவர்கள் இந்த வாளை வேறு பெயர்களில் ஏற்கெனவே சந்தித்திருப்பார்கள். எனக்கு இந்த வகை நாவல்கள்மேல் தீராத பித்து உண்டு. டிராகன்களும் மந்திரவாதிகளும் அதற்கு ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், இந்த நாவல்களில் ஒரு பொருள் கை மாறிக் கை மாறி வரும்போது அதன் குணமும் மாறிக்கொண்டே வருவது. குல்லெர்வோவின் வாள் வந்த வழியே போய்ப் பார்த்தால், அந்தக் கேள்வி ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. பதில்தான் ஒவ்வொரு கையிலும் வேறாகிறது.

முதலில் குல்லெர்வோவின் கதையைச் சொல்லிவிடுகிறேன். உண்டமோ, கலெர்வோ என்று இரண்டு சகோதரர்கள். பகை முற்றி உண்டமோ தன் சகோதரனின் குடியையே அழிக்கிறான். தப்பிப் பிழைத்த கர்ப்பிணி ஒருத்திக்குப் பிறக்கிறவன் குல்லெர்வோ. வளர்ந்தால் பழி வாங்குவான் என்று குழந்தையைப் பீப்பாயில் அடைத்து நீரில் விடுகிறார்கள், நெருப்பில் போடுகிறார்கள், மரத்தில் தொங்கவிடுகிறார்கள். அவன் சாவதில்லை. எந்த வேலை கொடுத்தாலும் பலம் மிஞ்சிப்போய் அந்த வேலையே நாசமாகிறது. கடைசியில் உண்டமோ அவனைக் கொல்லன் இல்மரினனுக்கு அடிமையாக விற்றுவிடுகிறான்.

கொல்லனின் மனைவி அவனை மாடு மேய்க்க அனுப்புகிறாள். கட்டிக்கொடுக்கிற ரொட்டிக்குள் ஒரு கல்லை வைத்துச் சுட்டுவிடுகிறாள். நண்பகல் தாண்டி அவன் ஒரு மேட்டில் உட்கார்ந்து, பையைத் திறந்து, ரொட்டியில் கத்தியை இறக்குகிறான். கத்தி கல்லில் பட்டு முறிகிறது. தகப்பன் வழியில் அவனுக்கென்று மிஞ்சியிருந்த ஒரே பொருள் அந்தக் கத்தி. அவன் அழுகிறான். அதன் பிறகு மாடுகளைச் சதுப்பில் ஓட்டிவிட்டு, ஓநாய்களையும் கரடிகளையும் மாட்டு மந்தை போலத் தோன்றச் செய்து வீட்டுக்கு ஓட்டி வருகிறான். பால் கறக்கக் குனிந்த கொல்லன் மனைவியை அவை கிழித்துப்போடுகின்றன. குல்லெர்வோவுக்கு முதலில் நேர்ந்த இழப்பே ஓர் இரும்புத் துண்டின் இழப்பு. அதனால்தான் பின்னால் அவன் கையில் வருகிற வாள் வெறும் ஆயுதமாகத் தோன்றுவதில்லை.

இறந்துபோனதாக நினைத்த தாய் தகப்பன் உயிரோடு இருப்பது அவனுக்குப் பிறகுதான் தெரியவருகிறது. ஒரு தங்கை மட்டும் காட்டில் பெர்ரி பறிக்கப் போய்த் தொலைந்துவிட்டாள். ஒருநாள் பனிவண்டியில் போகும்போது வழியில் பார்த்த பெண்ணை மயக்கித் தன்னோடு சேர்த்துக்கொள்கிறான். நீ யார், நீ யார் என்று மறுநாள் பேசிக்கொள்ளும்போது உண்மை தெரிகிறது. அவள் அருவிச் சுழலில் குதித்துவிடுகிறாள். அவன் வான்கடவுள் உக்கோவிடம் ஒரு வாளை வேண்டிப் பெற்று, உண்டமோவின் குடியை வேரறுக்கிறான். திரும்பி வந்தால் வீடு காலியாகக் கிடக்கிறது, ஒரு நாய் மட்டும் மிச்சம். தங்கையைச் சந்தித்த அதே இடத்துக்கு வருகிறான். அங்கே புல்கூட முளைக்கவில்லை. அங்கேதான் வாளிடம் அந்தக் கேள்வி.

இப்படி ஒரே கோவையான கதையாக இதை எந்தக் கிராமத்திலும் யாரும் பாடியதில்லை. அனாதை அடிமையின் பாட்டு ஒன்று, கெட்ட மாட்டுக்காரன் பாட்டு ஒன்று, அண்ணன் தங்கை பாட்டு ஒன்று, போருக்குப் போகிறவன் பாட்டு ஒன்று. ஒவ்வொன்றிலும் நாயகனுக்கு வேறு பெயர்கூட இருந்தது. இவற்றை ஒரே மனிதனின் வாழ்க்கையாகக் கோத்தவர் எலியாஸ் லொன்ரோத். 1802இல் ஓர் ஏழைத் தையற்காரரின் மகனாகப் பிறந்தவர், படித்து டாக்டரானவர், 1833 முதல் கயானி என்கிற வடக்கத்திச் சிற்றூரில் மாவட்ட மருத்துவர். விடுப்பு கிடைத்தபோதெல்லாம் கால்நடையாகவும் படகிலும் எல்லை தாண்டிக் கரேலியாவுக்குப் போய்ப் பாட்டுகளை எழுதிக்கொண்டு வந்தார். 1834இல் லத்வயார்வி கிராமத்தில் அர்ஹிப்பா பெர்த்துனென் என்கிற ஏழைக் குடியானவர் நாள்கணக்கில் அவருக்குப் பாடினார். தன் தகப்பனும் கூட்டாளி ஒருவரும் மீன்பிடிக்கப் போகிற இடத்தில், தீயருகே கைகோத்து உட்கார்ந்து இரவெல்லாம் பாடுவார்களாம், ஒரே பாட்டை இரண்டாம் முறை பாட மாட்டார்களாம். அதை அவர் லொன்ரோத்திடம் சொல்லி ஏங்கியிருக்கிறார்.

1835இல் வந்த முதல் கலேவலாவில் 32 பாட்டுகள், 12,000 அடிகளுக்குச் சற்று மேல். அதில் குல்லெர்வோவுக்குச் சிறிய இடம்தான். பிறகு டேவிட் யூரோபேயஸ் என்கிற இளைஞர் பின்லாந்து வளைகுடாவின் தென்கரையில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கைச் சுற்றியிருந்த இங்க்ரியா கிராமங்களிலிருந்து ஏராளமான பாட்டுகளைச் சேகரித்து வந்தார். அங்கே பாடியவர்களில் பெண்கள் அதிகம். அது பண்ணையடிமை முறை நிலவிய மண். விற்கப்பட்ட பிள்ளை, கல் வைத்த ரொட்டி, முறிந்த கத்தி ஆகியவற்றின் வலி அவர்கள் அறிந்த வலி. அந்தப் பாட்டுகள் கைக்கு வந்த பிறகு லொன்ரோத் கதையை விரித்தார். 1849இல் வந்த புதிய கலேவலாவில் 50 பாட்டுகள், 22,795 அடிகள். 31 முதல் 36 வரை ஆறு பாட்டுகள் குல்லெர்வோவுக்கு. இன்று உலகம் அறிந்த குல்லெர்வோ இந்த 1849ஆம் ஆண்டுக்காரன்.

நாட்டார் பாட்டைத் தொகுத்தவர் இப்படித் தைக்கலாமா என்று ஆய்வாளர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் தையல் இல்லையென்றால், எல்லாப் பாட்டுகளின் துயரமும் ஒரே மனிதனின் தோளில் ஏறியிருக்காது, அந்த வாளின் முன்னால் அவன் இப்படி வந்து நின்றிருக்கவும் மாட்டான். பாட்டுக்காரர்கள் இரும்பைக் கொடுத்தார்கள், லொன்ரோத் அதை அடித்து நீட்டினார். இன்றைய ஃபேன்டசி நாவலாசிரியர்களில் பலர் செய்கிற வேலையை அவர் அப்போதே செய்துவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ரஷ்யப் பேரரசின் கீழ் ஒரு குறுநாடாக இருந்த பின்லாந்து இந்தக் காவியத்தைத் தன் முகமாகவே எடுத்துக்கொண்டது. அலெக்சிஸ் கிவி குல்லெர்வோவை நாடகமாக்கினார். அக்சேலி காலன் கல்லேலா 1899இல் கத்தி முறிந்த கோபத்தில் முஷ்டியை உயர்த்திச் சபிக்கிற குல்லெர்வோவைத் தீட்டினார். 26 வயது சிபேலியஸ் 1892 ஏப்ரலில் ஹெல்சிங்கியில் குல்லெர்வோ சிம்பனியை அரங்கேற்றினார். அதன் ஐந்தாம் பகுதியில் வாளிடம் கேட்கிற கேள்வியையும் வாளின் பதிலையும் ஆண்குரல் கோரஸ்தான் பாடுகிறது. கேட்கிறவனும் பதில் சொல்கிற வாளும் ஒரே கூட்டத்தின் தொண்டை. இருட்டில் உட்கார்ந்து கேட்டுப்பாருங்கள், உடம்பு சில்லிட்டுப் போகும். சிபேலியஸ் என்ன காரணத்தாலோ பிறகு அதை முழுமையாக வாசிக்க விடவில்லை. அவர் இறந்த பிறகு, 1958இல்தான் முழுதும் மறுபடி ஒலித்தது.

வாள் இங்கிலாந்துக்கு வந்தது ஒரு பூச்சியியல் அறிஞரின் கையால். வில்லியம் ஃபோர்செல் கர்பி லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் வண்ணத்துப்பூச்சிகளை வகைப்படுத்திக்கொண்டிருந்தவர். அவருடைய கலேவலா மொழிபெயர்ப்பு 1907இல், எவ்ரிமேன்ஸ் லைப்ரரி என்கிற மலிவுப் பதிப்பு வரிசையில், இரண்டு தொகுதிகளாக வந்தது. சில ஆண்டுகளில் அது பர்மிங்ஹாமில் ஒரு பள்ளி மாணவன் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஜே. ஆர். ஆர். டோல்கியன். நான்கு வயதில் தகப்பனை இழந்து, பன்னிரண்டு வயதில் தாயையும் இழந்து, ஒரு பாதிரியாரின் பொறுப்பில் வளர்ந்துகொண்டிருந்தவர். கலேவலாவில் அத்தனை வீரர்களும் மந்திரக்காரர்களும் இருக்க, அவர் மனம் போய் ஒட்டிக்கொண்டது அந்த அனாதையிடம்.

மொழிபெயர்ப்பு போதாமல் மூலத்தையே படித்துவிட வேண்டும் என்று ஆசை. 1911இல் ஆக்ஸ்ஃபோர்டு சேர்ந்ததுமே கல்லூரி நூலகத்திலிருந்து பின்னிஷ் இலக்கண நூலை எடுத்து வந்தார். மொழி முழுதாக வசப்படவில்லை. ஆனால் அதன் ஓசை அவர் உருவாக்கிக்கொண்டிருந்த எல்ஃப் மொழியான குவென்யாவுக்குள் போய்த் தங்கிவிட்டது. 1914 இலையுதிர் காலத்தில், போர் தொடங்கியிருந்த நேரத்தில், குல்லெர்வோ கதையைத் தன் நடையில் உரையும் பாட்டுமாக எழுதத் தொடங்கினார். அது முடியவில்லை. தங்கையின் முடிவோடு எழுத்து நின்றுபோகிறது, மீதி வெறும் குறிப்புகள். வெர்லின் ஃபிளீகர் பதிப்பித்து 2010இல் ஓர் ஆய்விதழிலும் 2015இல் புத்தகமாகவும் வந்தது. குறிப்புகளில் வாளின் பதிலைப் பார்த்தால், அது கலேவலாவில் இருப்பதைவிடக் கொடுமையாக இருக்கிறது. உண்டமோவைக் கொன்றதிலேயே எனக்கு இவ்வளவு மகிழ்ச்சி என்றால், அவனைவிடக் கொடியவனான உன்னைக் கொல்வதில் எவ்வளவு மகிழ்வேன் என்கிற தோரணை. இருபத்திரண்டு வயதுக்காரர் எழுதிய பதில் அது.

1916இல் டோல்கியன் சோம் போர்முனையில் இருந்தார். பள்ளிக் காலம் முதல் கூட இருந்த நண்பர்களில் ராப் கில்சன் ஜூலை முதல் தேதி கொல்லப்பட்டார், ஜெஃப்ரி ஸ்மித் அதே ஆண்டு டிசம்பரில் காயம்பட்டு இறந்தார். பதுங்குகுழிக் காய்ச்சலோடு ஊர் திரும்பிய டோல்கியன் தன் சொந்தப் புராணத்தை எழுதத் தொடங்கினார். அதில் குல்லெர்வோ, தூரின் என்கிற பெயரில் மறுபடி பிறந்தான். நோர்ஸ் வீரன் சிகுர்டிலிருந்தும் கிரேக்க ஈடிபஸிலிருந்தும் பின்னிஷ் குல்லெர்வோவிடமிருந்தும் எடுத்துச் சேர்த்த பாத்திரம் என்று அவரே பின்னாளில் கடிதத்தில் எழுதியிருக்கிறார். குல்லெர்வோவைத் தன் போக்கில் சொல்ல முயன்றதிலிருந்தே தன் கதையுலகம் முளைத்தது என்று கவிஞர் ஆடனுக்கு 1955இல் எழுதினார்.

தூரினின் கதையை அவர் முதலில் எழுதியது ஏறக்குறைய 1919இல். அதில் வாள் சொல்லும் பதில் இன்னும் பழைய பதில்தான். ரத்தம் என்றால் ரத்தம், உன்னுடையது மட்டும் ருசி குறைந்துவிடுமா என்கிற மாதிரி. அதாவது போரிலிருந்து திரும்பி வந்த கையோடும் அந்த வாள் மாறிவிடவில்லை. அந்த வடிவில், தூரின் தன் உயிர் நண்பன் பெலெகைத் தவறுதலாகக் கொல்கிற வாள் ஒன்று, கடைசியில் தன்னைக் கொன்றுகொள்கிற வாள் இன்னொன்று.

கதையைத் திரும்பத் திரும்ப எழுதிவந்ததில் இரண்டு வாள்களும் ஒன்றாயின. வளர்ந்து முடிந்த வடிவத்தில் அந்த வாளுக்கு ஒரு பிறப்புக் கதையே உண்டு. வானத்திலிருந்து எரிந்து விழுந்த இரும்பில் ஏயோல் என்கிற இருண்ட எல்ஃப் அடித்த வாள். அடித்தவனின் வன்மம் அதற்குள் குடியிருக்கிறது என்று அரசி மெலியன் எச்சரிக்கிறாள். பெலெக் அதை விரும்பி எடுத்துக்கொள்கிறான். ஓர்க்குகளிடம் சிக்கி, கட்டுண்டு, அசதியில் தூங்குகிற தூரினை மீட்க இருட்டில் வருகிறான். அந்த வாளாலேயே விலங்கை அறுக்கிறான். வாள் நழுவித் தூரினின் காலில் குத்துகிறது. எதிரிதான் சித்திரவதை செய்ய வந்திருக்கிறான் என்று நினைத்துத் தூரின் துள்ளி எழுந்து, வாளைப் பிடுங்கி அவனையே வெட்டிவிடுகிறான். அப்போது மின்னல் வெட்டுகிறது. யாரைக் கொன்றிருக்கிறோம் என்று பார்க்கிறான். அந்தக் கணத்தில் அவன் கத்துவதில்லை, அழுவதில்லை, கல்லாகிப்போகிறான்.

பிறகு நார்கோத்ராண்ட் என்கிற எல்ஃப் கோட்டையில் அந்த வாள் மறுபடி அடிக்கப்பட்டு, மரண இரும்பு என்று பொருள்படும் குர்த்தாங் என்ற பெயரைப் பெறுகிறது. அதனால்தான் டிராகன் கிளாருங் சாகிறது. அதனால்தான் கால் ஊனமான, உண்மையைச் சொன்ன, ஒரு குற்றமும் செய்யாத பிரந்திர் சாகிறான். தூரின் அறியாமல் மணந்த தங்கை நியெனோர் ஆற்றில் குதித்துவிட்டாள். அவன் குர்த்தாங்கை உருவி, அந்தப் பழைய கேள்வியைக் கேட்கிறான். வாள் ஒத்துக்கொள்கிறது. ஆனால் இப்போது அது சொல்கிற காரணம் வேறு: என் எஜமானன் பெலெகின் ரத்தத்தையும் அநியாயமாகக் கொல்லப்பட்ட பிரந்திரின் ரத்தத்தையும் மறப்பதற்காக உன் ரத்தத்தைக் குடிப்பேன்.

பசியில் பேசிய வாள், வன்மத்தில் பேசிய வாள், இங்கே துக்கத்தில் பேசுகிறது. அது கொன்றவர்களின் பெயர்களை நினைவில் வைத்திருக்கிறது. நண்பர்களைப் பறிகொடுத்தவரின் பேனாவில் இந்தப் பதில் பிறக்க இத்தனை திருத்தங்கள் தேவைப்பட்டிருக்கின்றன. இது என் வாசிப்புதான், டோல்கியன் எங்கும் இப்படிச் சொல்லவில்லை. ஆனால் கலேவலாவையும் 1914 குறிப்பையும் 1919 கதையையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கிறவர்களுக்கு வேறு முடிவுக்கு வருவது கடினம். மோதிரத்தின் கதையைக் கொண்டாடுகிறவர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்கிறேன்: டோல்கியன் எழுதியதிலேயே ஆழமான கதை தூரினுடையது. அவர் அதை முடித்து அச்சில் பார்க்கவில்லை. சுருக்க வடிவம் 1977இல் சில்மரில்லியனிலும், தனி நாவலாக ‘ஹூரினின் பிள்ளைகள்’ என்ற பொருள்படும் தலைப்பில் 2007இலும், மகன் கிறிஸ்டஃபரின் பதிப்பில் வந்தது.

இதனால் ஒரு விசித்திரம் நிகழ்ந்தது. குர்த்தாங் அலமாரியில் கைப்பிரதியாகக் கிடந்த ஆண்டுகளில், அதைப் பற்றித் தெரியாத வேறு எழுத்தாளர்கள் வடபுலத்துப் பழங்கதைகளிலிருந்து அதன் பங்காளிகளை வெளியே எடுத்து வந்தார்கள். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ முதல் பாகம் வந்த அதே 1954இல், டேனிஷ் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பால் ஆண்டர்சன் ‘த புரோக்கன் ஸ்வார்ட்’ நாவலை வெளியிட்டார். அவர் எடுத்தது ஐஸ்லாந்து சாகாவில் வருகிற டிர்ஃபிங் என்ற வாளை. உறையிலிருந்து உருவினால் ஓர் உயிரை எடுக்காமல் திரும்பாது. அந்த நாவலிலும் அறியாமல் கூடிவிட்ட அண்ணனும் தங்கையும் இருக்கிறார்கள். அதைச் சிறுவயதில் படித்து மயங்கிய லண்டன்காரர் மைக்கேல் மூர்காக் 1961 முதல் எல்ரிக் கதைகளை எழுதினார். எல்ரிக்கின் கறுப்பு வாள் ஸ்டார்ம்பிரிங்கர் உயிரையும் ஆன்மாவையும் குடித்து, அந்தப் பலத்தை நோயாளியான எஜமானனுக்குக் கொடுக்கிறது. அவன் நேசிப்பவர்களையே அது தேடிக் குத்துகிறது. கடைசியில் அவனையும் கொன்றுவிட்டு, உன்னைவிட நான் ஆயிரம் மடங்கு தீயவன் என்கிற பொருளில் சொல்லிவிட்டுப் பறந்துபோகிறது. இங்கே வாளிடம் யாரும் கேள்வி கேட்கவில்லை. அதுவாகவே பேசுகிறது. யார் யாரை ஏந்திக்கொண்டிருந்தார்கள் என்ற சந்தேகம் நமக்கு அப்போதுதான் வருகிறது.

1979இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டில் ஸ்டார்ம்பிரிங்கரின் சாயலில் பிளாக்ரேசர் என்ற வாள் வந்தது. அதன் பிறகு வீடியோ கேம்களில் பேசுகிற, ரத்தம் குடிக்கிற வாள்கள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை ஜெயிப்பவனுக்குக் கிடைக்கிற பரிசுகள். எனக்கு அவற்றின்மேல் ஈடுபாடு குறைவு. கல் வைத்துச் சுட்ட ரொட்டியும் காலியான வீடும் இல்லாமல் வாளை மட்டும் கொண்டுவந்தால், அதற்குப் பேச என்ன இருக்கும்?

இந்த வாள் தமிழுக்கும் வந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. இலங்கைத் தமிழரான ஆர். சிவலிங்கம், உதயணன் என்ற பெயரில் கதைகள் எழுதியவர், பின்லாந்தில் குடியேறியவர். ஹெல்சிங்கியில் இருந்துகொண்டு கலேவலா முழுவதையும், ஐம்பது பாட்டுகளையும், தமிழ்ச் செய்யுளில் ஆக்கினார். 1994இல் அது நூலாக வந்தது. சிந்துவெளி எழுத்து ஆய்வால் தமிழர்கள் நன்கறிந்த அறிஞர் அஸ்கோ பார்ப்போலா அதற்கு முன்னுரை எழுதினார். செய்யுள் கடினமாக இருப்பவர்களுக்காக சிவலிங்கமே ‘உரைநடையில் கலேவலா’ என்று மறுபடியும் எழுதினார். போரில் ஊரை விட்டுச் சிதறிக்கொண்டிருந்த ஒரு சமூகத்திலிருந்து போன ஒருவர், குடியழிந்து அலைந்த குல்லெர்வோவைத் தமிழில் பேசவைத்திருக்கிறார். இரண்டு நூல்களும் மதுரைத் திட்டத்தின் மின்தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன.

இந்த வகை நாவல்களில் மனம் போகிறவர்கள் தமிழ்க் கலேவலாவில் 31ஆம் பாட்டிலிருந்து 36 வரை படித்துவிட்டு, ‘ஹூரினின் பிள்ளைகள்’ நாவலைக் கையில் எடுங்கள். சிபேலியஸின் ஐந்தாம் பகுதியை நடுவில் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. எல்ரிக் கதைகளை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.